ஐந்து வாரமாகத் தெருவில் நிற்கும் கார்: குண்டா, கஞ்சாவா, வெறும் துருவா?

கேள்வி: எங்கள் வீடு நங்கநல்லூரில் ஓர் உட்தெருவில் இருக்கிறது. ஐந்து வாரமாக எங்கள் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பழைய வெள்ளைக் கார் நிற்கிறது. யாருடையது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம். பின்பக்க டயர் ஒன்று காற்றுப் போய்க் கிடக்கிறது. இரண்டு தடவை நடு ராத்திரியில் ஒருவர் பைக்கில் வந்து டிக்கியைத் திறந்து மூடிவிட்டுப் போனார். தெரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் குண்டு என்கிறார், இன்னொருவர் கஞ்சா என்கிறார். பையன்கள் நாலு பேர் சேர்ந்து அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடலாம் என்கிறார்கள். என் கணவருக்கு வெளியூரில் வேலை. போலீசில் சொன்னால் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என் பத்து வயது மகனின் பந்து அந்தக் காருக்கு அடியில் கிடக்கிறது. அதை எடுக்கக்கூட நான் விடவில்லை. என்ன செய்யலாம்?
(ஒரு வாசகி, சென்னை)

பதில் (ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர்):

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது நடுவில் வரும் ஒற்றை வரிதான்: நடு ராத்திரியில் ஒருவர் வந்து டிக்கியைத் திறந்து மூடிவிட்டுப் போனார். கேட்பாரற்ற வண்டி என்றால் கேட்க ஆள் இருக்கக் கூடாது. இதற்கு ஆள் இருக்கிறார், சாவியும் வைத்திருக்கிறார், ஆனால் பகலில் வருவதில்லை. டயரும் ஃபிலிமும் தூசியும் எந்தப் பழைய காரிலும் இருக்கும். புகாரில் முதலில் எழுத வேண்டியது அந்த ஆளைப் பற்றித்தான்.

அதற்காக உடனே நடுங்க வேண்டாம். சர்வீசில் இருந்தபோது இந்த மாதிரி எத்தனையோ வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றின் கதை சப்பென்று முடியும். பக்கத்துத் தெரு மெக்கானிக் தன் ஷெட்டில் இடம் இல்லாமல் கொண்டுவந்து விட்டிருப்பார். தவணை கட்ட முடியாமல் ஃபைனான்ஸ்காரர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒருவர் நிறுத்தியிருப்பார். நான் விசாரித்த ஒரு வண்டியின் சொந்தக்காரப் பெரியவர் பக்கவாதத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளிநாட்டில் இருந்த மகனுக்கு அப்பாவின் கார் எங்கே நிற்கிறது என்பதே தெரியாது. உங்கள் தெருக்காரும் இப்படி ஒன்றாக இருக்கலாம். ராத்திரி வருபவர் டிக்கியில் ஸ்பேர் பார்ட்ஸ் வைத்திருக்கும் மெக்கானிக்காகவே இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை.

ஆனாலும் குழுவில் 'குண்டு' என்று சொன்னவரைக் கேலி செய்யவும் எனக்கு மனம் வரவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுவெடிப்பு நடந்து 58 பேர் இறந்தார்கள். அப்போது ஆர்.எஸ்.புரத்தில் வெடிபொருள் நிரப்பி நிறுத்தியிருந்த ஒரு காரைச் செயலிழக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதுவும் வீடுகள் இருந்த பகுதிதான். அந்தக் காலத்தில் காக்கிச் சட்டை போட்டிருந்த யாரும் நின்றுகொண்டிருக்கும் காரைச் சாதாரணமாகப் பார்க்க மாட்டோம்.

அதனால் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். இப்போதே, இந்த நிமிஷமே கூப்பிட வேண்டிய நிலைமை ஒன்று. எழுதிக் கொடுத்து நடவடிக்கை எடுக்க வைக்க வேண்டிய நிலைமை இன்னொன்று. காரிலிருந்து கேஸ் வாடையோ பெட்ரோல் வாடையோ அடித்தால், அழுகல் நாற்றம் வந்தால், வயர் தொங்கினால், உள்ளே சிலிண்டரோ கேனோ அடுக்கியிருப்பது தெரிந்தால், யாரோ படுத்திருப்பது போலத் தோன்றினால் அது முதல் வகை. பின்பக்கம் பாரம் ஏற்றியது போல வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருந்தாலும் அப்படித்தான். தள்ளி வந்து 112க்குக் கூப்பிடுங்கள். 100க்கும் கூப்பிடலாம். காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் பேச வேண்டாம். வெடிகுண்டு கண்டறியும் பிரிவை வரவழைப்பதா வேண்டாமா என்பதை வருகிற போலீஸ் முடிவு செய்யட்டும். கடைசியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். நல்ல எண்ணத்தில் சொன்ன தகவல் தப்பாகப் போவது குற்றம் ஆகாது. பொய் என்று தெரிந்தே சொல்வதுதான் குற்றம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை. அதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127. பொது இடத்தில் ஒரு வண்டி பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடந்தால், அந்த எல்லைக்குரிய சீருடைக் காவலர் அதை டோயிங் வண்டி வைத்து எடுக்கச் சொல்லலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். இழுத்துப் போகிற செலவு வண்டிச் சொந்தக்காரர் தலையில்தான் விழும். பத்து மணி நேரம் என்றுதான் சட்டம் சொல்கிறது. உங்கள் தெருவில் ஐந்து வாரம் ஆகிவிட்டது.

இங்கே ஒரு பேச்சு. நம் வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கிற ரோடு நம்முடையது இல்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக உள்ள கார் ஒன்று கேட்டை மறைக்காமல் ஓரமாக நின்றால், 'எங்கள் தெருவில் ஏன் நிறுத்தினாய்' என்று மட்டும் சொல்லி அதை எடுக்க வைக்க முடியாது. தெருச் சங்கங்கள் பாதிப் புகார்களை இப்படித்தான் எழுதுகின்றன, அதனாலேயே அவை அலமாரியில் தூங்குகின்றன. உங்கள் புகார் அப்படி இருக்கக் கூடாது.

அடுத்து, வண்டி எண். அதைப் பார்க்கக் காரைத் தொட வேண்டியதில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் உங்கள் கேட்டிலிருந்தே ஜூம் செய்து போட்டோ எடுங்கள். இரண்டு பலகையிலும் ஒரே எண் தானா என்று பாருங்கள். எம்-பரிவாகன் என்ற மத்திய அரசின் வாகனத் தகவல் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன மாடல், எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவானது, இன்சூரன்ஸ் எதுவரை, தகுதிச் சான்று எதுவரை என்பதெல்லாம் வந்துவிடும். சொந்தக்காரர் பெயரைப் பாதி மறைத்துத்தான் காட்டும். அது நல்லதுக்குத்தான், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். ஒரு தடவை பூட்டிக் கிடந்த ஒரு காரின் எண்ணை ஸ்டேஷனில் தேடியபோது அது ஒரு ஸ்கூட்டரின் எண் என்று வந்தது. அதற்குப் பிறகு வேறு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை, வண்டி திருட்டு வண்டி. மும்பையில் 2021 பிப்ரவரியில் அம்பானி வீட்டருகே ஜெலட்டின் வெடிகுச்சிகளோடு நின்ற ஸ்கார்ப்பியோவிலும் போலி எண்பலகைதான் மாட்டியிருந்தது. செயலி காட்டுகிற மாடல் ஒன்று, எதிரே நிற்கிற கார் வேறொன்று என்றால், அந்த ஒரு வரியைப் புகாரின் தலையில் எழுதிவிடுங்கள். பழைய வண்டியில் பலகை மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் அதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம், பழைய வண்டிக்காரர்களும் உயர் பாதுகாப்புப் பலகைக்கு மாறுகிறார்கள்.

எண் சரியாக இருந்து, போலீஸ் அந்த முகவரிக்கே போனாலும் கதை முடியாது. 'சார், நான் அதை விற்று ஆறு வருஷம் ஆச்சு' என்பார் அவர். யாரிடம் விற்றீர்கள் என்று கேட்டால் ஒரு டெலிவரி நோட்டைத் தேடி எடுப்பார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றிருப்பார். யாரும் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். 2022 அக்டோபரில் கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு சிலிண்டரோடு வெடித்த மாருதி காரும் இப்படிப் பல கை மாறி வந்ததுதான். முன்பு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்: காரை விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. புரோக்கர் 'நான் பார்த்துக்கிறேன் சார்' என்று சொன்னதை நம்பி ஃபாரத்தில் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

சரி, புகாரை எங்கே கொடுப்பது? இங்கேதான் ஆள் அலைவது. சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்குப் போனால் 'இது டிராஃபிக்' என்பார்கள். டிராஃபிக்கில் 'மாநகராட்சியிடம் சொல்லுங்கள்' என்பார்கள். மாநகராட்சியில் 'போலீஸ் கடிதம் வேண்டும்' என்பார்கள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றிரண்டு பேரை இப்படி அனுப்பியவன்தான், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் விஷயத்தில் சந்தேக நடமாட்டம் இருப்பதால் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன்தான் சரியான இடம். புகாரில் அந்த ஆளைப் பற்றி முதலில் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 'கார் இடைஞ்சலாக நிற்கிறது' என்று ஆரம்பித்தால் டிராஃபிக்குக்குத் தள்ளிவிடலாம். 'இரவு இத்தனை மணிக்கு அடையாளம் தெரியாத ஒருவர் வந்து போகிறார்' என்று ஆரம்பித்தால் தள்ள முடியாது. சந்தேகத்துக்குரிய பொருளைக் கைப்பற்றும் அதிகாரம் போலீசுக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 106ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

எழுத்து இப்படி இருந்தால் போதும்:

'நங்கநல்லூர், இன்ன தெரு, இன்ன கதவு எண்ணுக்கு எதிரில், இன்ன எண்ணுள்ள வெள்ளை நிறக் கார் இன்ன தேதியிலிருந்து கேட்பாரற்று நிற்கிறது. இன்ன தேதி இரவு சுமார் இத்தனை மணிக்கும், மறுபடி இன்ன தேதி இரவும், பைக்கில் வந்த ஒருவர் அதன் டிக்கியைத் திறந்து மூடிவிட்டுச் சென்றதைப் பார்த்தேன். தெருவில் விசாரித்ததில் வண்டி யாருடையது என்று தெரியவில்லை. வண்டியைச் சோதனை செய்து, உரிமையாளரைக் கண்டறிந்து, அப்புறப்படுத்தும்படிக் கேட்டுக்கொள்கிறேன். புகைப்படங்களை இணைத்துள்ளேன்.'

'குண்டு', 'கஞ்சா', 'தீவிரவாதி' எதுவும் வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். உங்களோடு தெருவில் இன்னும் மூன்று நாலு பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது. அப்போது அது ஒரு வீட்டின் புகாராக இருக்காது, தெருவின் புகாராகிவிடும். கொடுத்துவிட்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் எண் போட்டுத் தருகிற ரசீது, கேட்டு வாங்குங்கள். எழுத்தர் 'பார்க்கிறோம் அம்மா, போயிட்டு வாங்க' என்று சொன்னால் சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருங்கள். ரசீது இருந்தால்தான் இரண்டு வாரம் கழித்து உதவி ஆணையரிடம் போய்க் கேட்கக் காகிதம் இருக்கும். கூடவே மாநகராட்சியின் 1913 எண்ணிலோ 'நம்ம சென்னை' செயலியிலோ கேட்பாரற்ற வாகனம் என்று ஒரு புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணையும் குறித்துவையுங்கள். அவர்கள் குப்பை, கொசு என்று பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஐந்து வாரமாக நிற்கும் காருக்கு அடியில் தெரு கூட்டுபவர்கள் துடைப்பம் விட்டிருக்க மாட்டார்கள். மழை பெய்தால் எங்காவது தண்ணீர் தேங்கும், டெங்குக் கொசுவுக்கு அது போதும்.

ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்று பயப்படுகிறீர்கள். கேட்பாரற்ற வண்டி பற்றித் தகவல் சொன்னவர்களை அநேகமாக யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை. ஒருவேளை அது வழக்காகி உங்கள் வாக்குமூலம் தேவைப்பட்டாலும், பெண்ணைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவு. 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் இதே சலுகை உண்டு. உங்கள் தெருப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்கள். வண்டியில் குற்றச் சமாச்சாரம் ஏதாவது கிடைத்து வழக்கு நீதிமன்றம் போனால் அங்கே ஒருமுறை சாட்சி சொல்ல வேண்டி வரலாம், அதை நான் மறைக்கவில்லை. நேரில் போகவே மனம் இல்லை என்றால் 112க்குப் போன் செய்து, 'என் பெயரை வெளியே சொல்ல வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டும் தகவல் தரலாம். ஆனால் அதில் ரசீது கிடைக்காது.

இனி அந்தப் பையன்கள். அடுத்த தெருவுக்குத் தள்ளுகிற யோசனையைத் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வண்டியைக் குலுக்கக் கூடாது என்பது ஒன்று. அது திருட்டு வண்டியாக இருந்தால் கதவிலும் டிக்கியிலும் இந்த நாலு பையன்களின் கைரேகையும் பதிந்திருக்கும், எதிர்த்தெரு கேமராவில் தள்ளுகிற படமும் இருக்கும். 'நாங்கள் நல்லதுக்குத்தான் செய்தோம்' என்று அவர்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடியை உடைத்துப் பார்ப்பது, மற்ற டயர்களிலும் காற்றைப் பிடுங்குவது எல்லாம் இதே கணக்குத்தான். சொந்தக்காரர் வந்தால் சேதப்படுத்தியதாக அவர் உங்கள் மேல் புகார் கொடுக்கலாம்.

வாட்ஸ்ஆப் குழுவில் வண்டி எண்ணோடு 'தீவிரவாதி கார், உஷார்' என்று போடுவதும் வேண்டாம். பெயரைச் செயலி மறைப்பது நல்லதுக்கு என்றேனே, இதனால்தான். பதிவேட்டில் இருப்பது ஆறு வருஷம் முன்பு விற்ற அப்பாவியின் பெயராக இருக்கலாம். அது போக, அந்தக் குழுவில் இருக்கும் யாராவது ஒருவருக்கு அந்த ராத்திரி ஆளைத் தெரிந்திருந்தால், நீங்கள் பார்த்துவிட்டது அவருக்கும் போய்ச் சேரும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் உங்களைவிட அதிகமாகவே பயப்படுகிறேன். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பில், நின்றிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் கதவைத் திறக்கத் தெரியாமல் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அந்தக் காரில் குண்டும் இல்லை, கஞ்சாவும் இல்லை. வெயிலில் பூட்டிய கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். உங்கள் கேட்டுக்கு எதிரே நிற்கும் காரின் கதவு ஏதாவது பூட்டாமல் இருந்தால் அதுவே பெரிய ஆபத்து. கறுப்பு ஃபிலிம் இருப்பதால் உள்ளே குழந்தை இருந்தாலும் வெளியே தெரியாது. இத்தகைய ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012இலேயே தடை செய்தது, ஆனாலும் பழைய வண்டிகளில் அது அப்படியே இருக்கிறது. கதவு பூட்டவில்லை என்று தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே 112. தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் 'அந்தக் காருக்குப் பக்கத்தில் போகக் கூடாது' என்று சொல்லிவையுங்கள். உங்கள் மகனுக்குப் புதுப் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

புகார் கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்தில் சலித்துப்போவீர்கள். ரோந்துக் காவலர் வந்து பார்ப்பார். எண்ணை வைத்து உரிமையாளரைத் தேடுவார்கள். காணாமல் போன வண்டிகளின் தேசியப் பட்டியல் 'வாகன் சமன்வய்' என்ற பெயரில் இருக்கிறது, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வைத்திருப்பது. அதில் எண், என்ஜின் எண், சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்ப்பார்கள். ஆள் கிடைத்தால் எடுக்கச் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் இரண்டு சாட்சி வைத்து மகஜர் (வண்டியைக் கைப்பற்றியதாக எழுதும் பதிவு) போட்டு ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார்கள், மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போகும். உரிமை கோருபவர் ஆறு மாதத்துக்குள் வரலாம் என்று அறிவிப்புக் கொடுத்து, யாரும் வராவிட்டால் பிறகுதான் ஏலம். ஸ்டேஷன் வாசலில் செடி முளைத்துக் கிடக்கிற வண்டிகளைப் பார்த்து 'இவர்களே இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்களே' என்று ஜனங்கள் சிரிப்பார்கள். பாதி வண்டி இந்த வரிசையில் காத்திருப்பதுதான். மறுபாதிக்கு எங்கள் சோம்பலும் காரணம், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் தெருவிலிருந்து வண்டி போக இத்தனை படியும் முடிய வேண்டியதில்லை, மகஜர் போட்டால் போதும்.

மகஜருக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கேட்பார்கள். தெருச் சங்கத்தில் யார் போடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். அந்த நேரத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டால், வந்த போலீஸ்காரர் 'அப்புறம் வருகிறேன்' என்று போய்விடுவார்.

ஒருவேளை சொந்தக்காரர் கிடைத்து, அவர் வயதானவராகவோ வசதி இல்லாதவராகவோ இருந்தால், அந்த வண்டியை அரசு பதிவு செய்த வாகன உடைப்பு மையத்தில் கொடுத்துவிடலாம் என்று சொல்லுங்கள். இரும்பு விலை கிடைக்கும். டெபாசிட் சான்றிதழும் தருவார்கள், அவரோ பிள்ளைகளோ அடுத்து வண்டி வாங்கினால் அதைக் காட்டிச் சலுகை பெறலாம். எங்கே கொடுப்பது என்று தெரியாமலேயே பலர் வண்டியைத் தெருவில் விட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆள் மூன்றாவது முறை வந்தால்: வெளியே போகாதீர்கள், யார் என்று குரல் கொடுக்காதீர்கள், பால்கனி விளக்கையும் போடாதீர்கள். ஜன்னலுக்குள் இருந்தபடியே 112க்குப் போன் செய்து, சி.எஸ்.ஆர். எண்ணைச் சொல்லி, 'அதே ஆள் இப்போது வண்டியருகே இருக்கிறார்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். பைக் எண் தெரிந்தால் அதையும், கிளம்பிவிட்டால் எந்தப் பக்கம் போனார் என்பதையும் சொல்லுங்கள். எதிர்வீட்டில் கேமரா இருந்தால் அந்த இரண்டு ராத்திரிப் பதிவுகளையும் இப்போதே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வீட்டுக் கேமராக்கள் பலவற்றில் இரண்டு மூன்று வாரத்துக்குள் பழைய பதிவு அழிந்து அதன் மேலேயே புதியது பதிவாகிவிடும், ஐந்து வாரம் தாங்காது.